மே மாத மதியத்தில் கரண்ட் போனால்: நம்ம ஊருக்கு எந்த நாய்?

நாய்க்குட்டி வாங்கப் போகிறோம், எந்த இனம் நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். மே மாதம், மதியம் இரண்டு மணி, கரண்ட் இல்லை. அந்த நேரத்தில் அந்த நாய் உங்கள் வீட்டில் எங்கே படுத்திருக்கும்? பலருக்கு இது சம்பந்தமில்லாத கேள்வியாகப் படுகிறது. நிறம், குணம், காவல் காக்குமா, குழந்தைகளோடு ஒட்டுமா, என்ன விலை என்பதையெல்லாம் விசாரித்து வைத்திருப்பார்கள். வெயிலைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள். சென்னை, வேலூர், மதுரை, திருச்சிப் பக்கம் நாய் வளர்க்கிறவருக்கு மார்ச் முதல் ஜூன் வரை அந்த வெயில்தான் நாயின் சாப்பாடு, நடை, தூக்கம் எல்லாவற்றையும் முடிவு செய்யும். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்குக் கணக்கு வேறு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

எந்த நாய் என்று பார்ப்பதற்கு முன், நாய் சூட்டை எப்படிச் சமாளிக்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. நாயின் உடம்பு இயல்பாகவே 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். நமக்குக் காய்ச்சல் என்று மாத்திரை போடுகிற சூடு அதற்குச் சாதாரணம். 40-ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும், 41-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெட ஆரம்பிக்கும். ஆக, நல்ல நிலைக்கும் ஆபத்துக்கும் நடுவே இரண்டு டிகிரிதான் இருக்கிறது. நமக்கு வியர்ப்பதுபோல அதற்கு வியர்க்காது. பாதத்தின் அடியில் மட்டும் கொஞ்சம் ஈரம் கசியும், அது உடம்பைக் குளிர்விக்கக் காணாது. மிச்சமிருக்கும் வழி, நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பது. சும்மா படுத்திருக்கும்போது நிமிடத்துக்கு முப்பது முறைக்குள் இருக்கும் மூச்சு, நன்றாக இளைக்கும்போது முந்நூறைத் தாண்டிப் போகும். நாக்கிலும் மூக்கின் உட்புறத்திலும் உள்ள ஈரம் ஆவியாகி, அங்கே ஓடுகிற ரத்தத்தைக் குளிர்விக்கிறது.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். முதலாவது, மூக்கும் வாயும் நீளமாக இருக்கிற நாய்க்கு ஆவியாக்க இடம் அதிகம், சப்பை மூக்கு நாய்க்கு அந்த இடமே இல்லை. இரண்டாவது, காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் நாய் எவ்வளவு இளைத்தும் பெரிய பலன் இருக்காது. அதனால்தான் வேலூரின் 42 டிகிரி வறண்ட வெயிலை நிழலில் படுத்துச் சமாளித்துவிடுகிற நாய், சென்னையில் 36 டிகிரிப் புழுக்கத்தில் திணறுகிறது. கடற்காற்று வரும், குளுகுளு என்று இருக்கும் என்று நாம் நினைக்கிற சாயங்காலமும் நாய்க்கு அவ்வளவு சுகமில்லை.

எல்லோரும் முதலில் முடியைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு மூக்குதான் முதலில், உடம்பு எடை இரண்டாவது, முடி மூன்றாவது. முடியைச் சீவிவிடலாம், எடையைக் குறைக்கலாம். மூக்கை நீட்ட யாராலும் முடியாது.

அந்தக் கணக்கில் கடைசியில் நிற்பது பக். ஒரு செல்போன் கம்பெனி விளம்பரத்தில் வந்து இன்றும் பல வீடுகளில் 'ஹட்ச் நாய்' என்றே அழைக்கப்படுகிற அதே நாய். சின்ன உடம்பு, பிளாட்டுக்குப் பொருந்தும், முடி குட்டை, குணம் தங்கம். எல்லாம் சரி. இரண்டாவது மாடி வரை படியேறி வந்த பக்கைப் பக்கத்தில் நின்று கேளுங்கள். மூச்சு உள்ளே போகும்போதே கர் கர் என்று சத்தம் வரும். மூக்குத் துவாரம் ஒரு கோடு அளவுக்குத்தான் திறந்திருக்கும், தொண்டைக்குள் மேலண்ணம் நீண்டு வழியை அடைத்துக்கொண்டிருக்கும். அந்தக் குறட்டையைச் செல்லமாக ரசிக்கிறோம். ஆனால் அது காற்றுக்கு முட்டி மோதுகிற சத்தம்.

பிரிட்டனில் 2016-ல் கால்நடை மருத்துவமனைகளில் பதிவான ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் விவரங்களை ஆராய்ந்து 2020-ல் ஒரு கட்டுரை வந்தது. லேப்ரடாருக்கு வெப்பத் தாக்கு வருகிற வாய்ப்பை ஒன்று என்று வைத்தால், பக்குக்கு அது சுமார் 3 மடங்கு, பிரெஞ்சு புல்டாக்குக்கு 6 மடங்கு, இங்கிலீஷ் புல்டாக்குக்கு 14 மடங்கு. இது பிரிட்டன் கோடையில் கிடைத்த கணக்கு. அங்கே 30 டிகிரி அடித்தாலே செய்தி. நம் ஊரில் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். ஷி ட்ஸுவும் இந்தக் கூட்டம்தான், கூடவே முடியும் உண்டு. பகல் முழுக்க வீட்டில் ஆள் இருந்து, ஏசி இருந்து, கரண்ட் போனால் இன்வெர்ட்டரும் இருந்தால் மட்டும் சப்பை மூக்கு நாயை யோசிக்கலாம். அப்படியும் சமவெளியில் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஹஸ்கி கதை வேறு. மூக்கு நீளம், மூச்சு நன்றாக ஓடும். சிக்கல் அது எங்கிருந்து வந்தது என்பதில் இருக்கிறது. சைபீரியாவின் சுக்சி மக்கள் பனியில் வண்டி இழுக்க வளர்த்த நாய் அது. மேலே நீளமான முடி, அடியில் பஞ்சாக அடர்ந்த இன்னொரு முடி. விற்பவர்கள் இதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்கள்: "குளிரைத் தடுக்கிற முடி வெயிலையும் தடுக்கும் சார்." பாதி உண்மை. நேராக அடிக்கிற வெயிலை அந்த முடி கொஞ்சம் தடுக்கும். ஆனால் ஓடியாடிய நாயின் உடம்புக்குள் பிறக்கிற சூடு வெளியே போவதையும் அதே முடிதான் தடுக்கிறது. ஹஸ்கியோ ஓடாமல் இருக்காது. ஓட விடாவிட்டால் சோபாவைக் கிழிக்கும், ராத்திரி ஊளையிடும். அதிகாலை ஐந்து மணிக்கு முன்னால் ஓட்டி முடித்துவிட்டு, பிறகு நாள் முழுக்க ஏசியில் அடைத்து வைக்க வேண்டிய நாய் அது. சென்னையில் ஹஸ்கி வளர்க்கும் வீடுகளில் ஒரு காட்சி பொதுவாக இருக்கும். ஹாலில் மெத்தை, விளையாட்டுச் சாமான் எல்லாம் கிடக்க, நாய் பாத்ரூமில் தண்ணீர் போகிற துவாரத்தை ஒட்டி, நாலு காலையும் பரப்பி வயிற்றைத் தரையில் ஒட்ட வைத்துப் படுத்திருக்கும். வயிற்றில்தான் முடி குறைவு, அந்த வழியாகத்தான் சூட்டை இறக்க முடியும். எந்தப் புத்தகமும் படிக்காமல் அது கண்டுபிடித்த வழி அது.

புழுக்கம் இன்னொரு வேலையும் செய்யும். குளிப்பாட்டிய பிறகு அடிமுடி சரியாகக் காயாமல் ஈரம் தங்கி, தோல் சிவந்து புண்ணாகும். கரண்ட் பில்லோடு தோல் டாக்டர் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். தமிழக அரசு 2024-ல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், இந்தத் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராதவை என்று இங்கே இனப்பெருக்கம் செய்யக்கூடாத வெளிநாட்டு நாய்களைப் பட்டியலிட்டார்கள். ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக் எல்லாம் அதில் இருந்தன. சட்டம் என்ன சொல்கிறது என்பதைவிட, அந்தப் பட்டியல் ஏன் வந்தது என்பதுதான் வாங்குகிறவர் யோசிக்க வேண்டியது.

அப்புறம் லேப்ரடார். ஏமாற்றம் குறைவாகத் தருகிற நாய் என்பதால்தான் இவ்வளவு வீடுகளில் இருக்கிறது. மூக்கு நல்ல நீளம். முடி இரட்டை அடுக்குதான், நியூஃபவுண்ட்லாந்தின் குளிர்ந்த தண்ணீரில் வலையும் மீனும் இழுத்த நாய்களின் வம்சம், ஆனால் குட்டை முடி, வாரத்தில் மூன்று நாள் சீவினால் அடிமுடி கட்டுக்குள் இருக்கும். லேப்ரடாரின் எதிரி வெயிலைவிட நம் சமையலறைதான். தயிர்சாதம், பிஸ்கட், பிரியாணியில் மிஞ்சியது, பாட்டி ரகசியமாகக் கொடுக்கிற நெய் தோசை. இந்த இனத்தில் கணிசமான நாய்களுக்குச் சாப்பிட்ட நிறைவே வராதபடி ஒரு மரபணு மாற்றம் இருப்பதாகக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-ல் சொன்னார்கள். அது கெஞ்சுவதை நம்பக் கூடாது. 28 கிலோ லேப்ரடார் சென்னைக் கோடையைத் தாண்டிவிடும். அதே நாய் 42 கிலோ ஆனால், தோலுக்கு அடியில் இன்னொரு கம்பளி போர்த்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இன்னொன்று, பந்து போட்டால் தானாக நிறுத்தத் தெரியாத நாய் இது. பிரிட்டன் பதிவுகளிலும் வெப்பத் தாக்குக்குப் பெரும்பாலும் காரணமாக இருந்தது ஓட்டமும் விளையாட்டும்தான், காரில் பூட்டி வைத்தது அதற்குப் பிறகுதான். அதற்காகக் காரில் விட்டுவிட்டுக் கடைக்குப் போகலாம் என்று அர்த்தமில்லை. வெயிலில் நிற்கிற காருக்குள் பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி ஏறும்.

கோல்டன் ரிட்ரீவரும் ஜெர்மன் ஷெப்பர்டும் லேப்ரடாரைவிட ஒரு படி கீழே. முடி அதிகம், சீவும் வேலை அதிகம். நாம் 'பாம்' என்று கூப்பிடுகிற வெள்ளை நாய் பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். முடியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சின்ன உடம்பு, கூர்மூக்கு, தலைமுறை தலைமுறையாக இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தது. சிறிய வீட்டுக்கு நல்ல தேர்வு. குரைத்துக் கொண்டே இருக்கும், அது வெயிலில் சேராத தனிப் பிரச்சினை.

இனி நம் ஊர் நாய்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை. 2005-ல் இந்திய நாய்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது ராஜபாளையமும் அதில் இடம்பிடித்தது. சிப்பிப்பாறையின் உடம்பைப் பாருங்கள். ஒட்டிய வயிறு, நீண்ட கால், விலா எலும்பு எண்ணலாம், முடி ஒரே அடுக்கு, கையில் தடவினால் தோலே தட்டுப்படும். நீளமான மூஞ்சி. ஒல்லியான உடம்பில் சூடு தேங்க இடம் குறைவு, வெளியே போகப் பரப்பு அதிகம். கரிசல் காட்டில் கம்பங்கூழும் கேப்பைக்கூழும் குடித்து முயல் விரட்டிய நாய்க்கு இதைவிடப் பொருத்தமான உடம்பு இருக்க முடியாது. மதிய வெயிலில் அது என்ன செய்யும் என்று பார்த்திருந்தால் தெரியும். வேப்பமரத்தடியில் முன்காலால் மண்ணைப் பறித்து, மேல் சூட்டு மண்ணைத் தள்ளிவிட்டு, உள்ளே ஈரப்பதம் தெரிகிற குழியில் உடம்பைச் சுருட்டி இறக்கிவிடும். நாலு மணி வரைக்கும் அசையாது.

இவற்றிலும் பார்த்து எடுக்க வேண்டும். ராஜபாளையம் வெள்ளை நாய், மூக்கும் இமையும் இளஞ்சிவப்பு. அந்தத் தோலுக்கு வெயில் ஆகாது, மூக்கு நுனி வெந்து உரியும். நிழல் இல்லாத காம்பவுண்டுக்கு அது காவல் நாய் ஆகாது. இந்த இனத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பதும் உண்டு, வாங்கும்போது பின்னால் நின்று கைதட்டிப் பார்த்து எடுங்கள். சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் ஓட இடம் கேட்கும். பக்கத்து வீட்டில் கோழி இருந்தால் வம்பு நிச்சயம். மூன்றாவது மாடி பிளாட்டுக்குள் சிப்பிப்பாறையை வைப்பது, ஹஸ்கியை வைப்பதற்குக் கொஞ்சம்தான் குறைந்த பாவம். கோம்பை இவற்றைவிடக் கட்டுமஸ்தானது, காவலுக்கு நல்லது, ஆனால் முதல் தடவை நாய் வளர்க்கிறவர் கையில் அடங்காது.

பிளாட்டில் இருப்பவர், பட்ஜெட் குறைவு, பகலில் ஏசி போட முடியாது என்றால் என் பதில் தெருவில் பிறந்த நாட்டு நாய்க்குட்டி. அளவான உடம்பு, சாதாரண மூக்கு, சாதாரண முடி, இந்த வெயிலிலேயே வடிகட்டி வந்த வம்சம். விலங்குநல அமைப்புகளிடம் தடுப்பூசி போட்டே கிடைக்கும். காசு கொடுத்து வாங்கிய நாய்க்கு இருக்கிற கௌரவம் இதற்கு இல்லை என்பதைத் தவிர வேறு குறை எனக்குத் தெரியவில்லை.

ஆனால் "நாட்டு நாய்தானே, தாங்கும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். தெருவில் திரிகிற நாய் தாங்குகிறதென்றால், அது நிழலைத் தேடிப் போக முடிவதால்தான். காருக்கு அடியில், சாக்கடை ஓரம், டீக்கடைத் தண்ணீர் கொட்டிய இடம் என்று மணிக்கொரு தடவை மாறிக்கொண்டே இருக்கும். அதையே சங்கிலி போட்டு மொட்டைமாடியில் கட்டினால், எந்த இனமானாலும் மே மாதம் தாண்டாது. தகரக் கூரை போட்ட கூண்டு அதைவிட மோசம்.

குளிர்விக்கிற வழிகளிலும் தேர்வு இருக்கிறது. ஏசி எல்லா ஊருக்கும் சரிவரும். 26, 27-ல் வைத்தால் போதும், 20-ல் வைத்துவிட்டு நாயை வெளியே அனுப்பினால் அதுதான் கெடுதல். ஏர்கூலர் வேலூர், சேலம், திருச்சிக்கு நன்றாக உதவும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினத்தில் ஏற்கெனவே உள்ள ஈரத்தோடு இன்னும் ஈரத்தைச் சேர்க்கும், காசு தண்டம். வெறும் ஃபேன் நமக்குச் சுகம், ஏனென்றால் நமக்கு வியர்க்கிறது. காய்ந்த முடிக்கு மேல் ஃபேன் காற்று பட்டு நாய்க்குப் பெரிதாக ஒன்றும் நடக்காது. வயிறு, அக்குள், பாதம் மூன்றையும் தண்ணீர் தொட்டு நனைத்துவிட்டு ஃபேனைப் போட்டால் கதை மாறும். கரண்ட் போன வீட்டில் விசிறி மட்டையும் ஈரத் தரையுமே இதைச் செய்யும். பழைய வீடுகளின் சிவப்பு ஆக்சைடு தரை கிடைத்தால் நாய் மெத்தையை எட்டிக்கூடப் பார்க்காது. குடிக்க மண்பானைத் தண்ணீர், இரண்டு மூன்று இடத்தில். உப்புப் போடாத மோர் கொஞ்சம் கொடுக்கலாம், விதை எடுத்த தர்பூசணி கொடுக்கலாம். திராட்சை மட்டும் கூடாது, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கோடைக்கு மொட்டை அடிக்கலாமா என்பது ஏப்ரல் வந்தால் வருகிற கேள்வி. ஷி ட்ஸு, லாசா போல முடி வளர்ந்துகொண்டே போகிற நாய்க்குக் குட்டையாக வெட்டலாம், தோல் தெரிய அல்ல. ஹஸ்கி, லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ஸ்பிட்ஸ் மாதிரி இரட்டை அடுக்கு முடிக்கு மெஷின் வைக்க வேண்டாம். வெயில் நேராகத் தோலில் படும், முடி திட்டுத் திட்டாகவும் கன்னாபின்னாவென்றும் முளைக்கும், சில நாய்களுக்கு முளைக்காமலே போகும். உதிர்கிற அடிமுடியைச் சீவி எடுப்பதுதான் சரியான வழி.

நடைக்குக் கூட்டிப் போகும் முன் புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியவில்லையென்றால் நாயும் நடக்க வேண்டாம். சாயங்காலம் ஆறு மணிக்கும் ரோடு சூடாகவே இருக்கும், காலைதான் நல்லது.

இதையெல்லாம் மீறி நாய்க்கு இளைப்பு நிற்காமல், எச்சில் கெட்டியாகி, ஈறு செக்கச்சிவந்து, நடை தள்ளாடினால், ஆட்டோ தேடுவதற்கு முன் தண்ணீர் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, காற்று பட வையுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அதிர்ச்சியாகிவிடும் என்று முன்பு பயமுறுத்துவார்கள். இப்போது கால்நடை மருத்துவர்கள் முதலில் குளிர்வி, பிறகு கிளம்பு என்கிறார்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டால் உள்சூடு வெளியேறாது. வாயில் தண்ணீரைத் திணிக்கவும் வேண்டாம், நுரையீரலுக்குள் போகும். நாய் எழுந்து நின்றாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும், சிறுநீரகப் பாதிப்பு மறுநாள்தான் தெரியவரும்.

மலைக்குப் போவோம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் விடிகாலையில் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும், வெப்பநிலை சுழியத்தை ஒட்டி இறங்கும். மேலே சொன்ன வரிசை இங்கே ஏறக்குறைய கவிழ்ந்துவிடும். லேப்ரடார், கோல்டன், ஜெர்மன் ஷெப்பர்ட் மூன்றும் இந்தக் குளிரில் உற்சாகமாக இருக்கும். ஹஸ்கி வளர்த்தே தீருவேன் என்பவர் இங்கே வீடு இருந்தால் வளர்க்கலாம். பக் வெயிலிலிருந்து தப்பிக்கும், மேட்டு ரோட்டில் ஏறச் சொன்னால் மூச்சுத் திணறல் அப்படியேதான். சிப்பிப்பாறையும் ராஜபாளையமும்தான் பாவம். சமவெளியில் அவற்றைக் காப்பாற்றிய அதே ஒல்லி உடம்பும் ஒற்றை முடியும் இங்கே எதிரி. மார்கழியில் திருநெல்வேலியிலேயே சாக்குக்குள் முடங்குகிற நாய், ஊட்டி ராத்திரியை வெளியே கழிக்கவே முடியாது.

பாதம் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. பாதத்துக்குச் சூடான ரத்தம் கொண்டுபோகும் குழாயும் குளிர்ந்த ரத்தம் திரும்பும் குழாய்களும் ஒட்டியே ஓடுவதால், திரும்புகிற ரத்தம் வழியிலேயே சூடேறிவிடும். நாய் உறைபனியில் நின்றாலும் உடம்புச் சூடு கால் வழியாக ஓடிவிடாது. கெடுதல் செய்வது ஈரம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஊட்டியில் மழையும் மூடுபனியும் விடாது, 12 டிகிரியில் நனைந்த நாய், 4 டிகிரியில் காய்ந்த நாயைவிட அதிகமாக நடுங்கும். முடி நனைந்தால் அது பிடித்து வைத்திருக்கும் காற்று போய்விடுகிறது. அதனால் ஸ்வெட்டரா, கட்டிலா என்று கேட்டால் நான் கட்டில் என்பேன். தரையிலிருந்து அரையடி உயர்த்திய பலகை, மேலே காய்ந்த சாக்கு, காற்று வராத மூலை. ஸ்வெட்டர் ஒல்லி நாய்க்கும் வயதான நாய்க்கும் நடைக்குப் போகும்போது உதவும், நனைந்தால் உடனே கழற்ற வேண்டும். சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டலாம். நாய் படுத்திருக்கும் மூடிய அறையில் கரியடுப்புக் கணப்பு வைக்காதீர்கள், அந்தப் புகை நாயையும் கொல்லும், ஆளையும் கொல்லும். ராத்திரி நாயை வெளியே கட்டாமல் இருக்க நீலகிரியில் குளிரைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: சிறுத்தை.

கடைசியாக, குட்டியை எந்த மாதம் கொண்டுவருவது என்பதையும் தேர்வில் சேர்த்துக்கொள்ளுங்கள். உடம்பு புதுச் சூட்டுக்குப் பழகச் சில வாரங்கள் வேண்டும், குட்டிக்குச் சூட்டையும் குளிரையும் கட்டுப்படுத்தும் திறனே முழுதாக வந்திருக்காது. பள்ளி லீவு என்று ஏப்ரல், மே மாதத்தில் வாங்குவதுதான் சமவெளியில் வழக்கம், அதுதான் மிக மோசமான நேரம். நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் வீட்டுக்கு வந்த குட்டி, சித்திரை வெயிலைப் பார்க்கும்போது ஐந்து முதல் ஏழு மாதம் வளர்ந்திருக்கும், தடுப்பூசிகளும் முடிந்திருக்கும். ஊட்டி, கொடைக்கானல் என்றால் பிப்ரவரி கடைசியில் எடுங்கள், ஜூன் மழைக்கு முன் மூன்று மாதம் கையில் இருக்கும்.